அவுட்பாஸ் எஸ்எம்எஸ் யார் வீட்டுக்குப் போகும்? ஸ்பிரிங் பூட்டில் டிபென்டன்சி இன்ஜெக்ஷன்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஸ்பிரிங் பூட் எடுத்த டீம் எதுவா இருந்தாலும் சரி, அவங்க கோடைத் திறந்து பார்த்தா ஒரு வார்த்தை பத்து இடத்துலயாவது இருக்கும்: @ஆட்டோவயர்டு. இது எதுக்குன்னு வைவாவில் கேட்டா வர்ற பதிலும் பெரும்பாலும் ஒண்ணுதான். "போட்டாதான் ஓடுது சார், எடுத்துட்டா நல் பாயின்டர் வருது."

அந்தப் பதில் பொய் இல்லை. ஆனா அது பாதிதான். மீதிப் பாதி தெரியலைன்னா வைவாவில் ரெண்டு மார்க் குறையும், அதைக்கூட விட்டுடலாம். நீங்க எழுதின ஆப்பை நிஜ மனுஷங்க பயன்படுத்த ஆரம்பிக்கும்போதுதான் உண்மையான பிரச்சினை வரும். அதனால இந்தக் கட்டுரையில ஒரே ஒரு ஆப்பை எடுத்துக்குவோம்: ஹாஸ்டல் அவுட்பாஸ் ஆப். மாணவர் விண்ணப்பிக்கணும், வார்டன் அப்ரூவ் பண்ணணும், உடனே பெற்றோருக்கு ஒரு எஸ்எம்எஸ் போகணும். இரவு 8 மணிக்கு மேல விண்ணப்பிக்க முடியாது. அவ்வளவுதான் ஆப்.

இந்தச் சின்ன ஆப்பில் ரெண்டு விபத்து நடக்க வாய்ப்பு இருக்கு. ஒண்ணு, நீங்க லேப்ல டெஸ்ட் பண்ணும்போது நிஜமாவே ஒரு அம்மாவுக்கு "உங்கள் மகள் விடுதியை விட்டு வெளியே செல்கிறார்" என்று மெசேஜ் போயிடும். ரெண்டாவது அதைவிட மோசம்: ஒருத்தருக்கு அப்ரூவ் பண்ணின அவுட்பாஸுக்கான எஸ்எம்எஸ் இன்னொருத்தர் வீட்டுக்குப் போகும். ரெண்டுக்கும் தீர்வு டிபென்டன்சி இன்ஜெக்ஷனைச் சரியா அமைக்கிறதுலதான் இருக்கு.

ஒரு சின்ன குறிப்பு: இந்தக் கட்டுரையில கோடில் வரும் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கேன். எடிட்டர்ல அடிக்கும்போது வழக்கமான ஸ்பெல்லிங்கைப் போட்டுக்கோங்க.

நியூ போட்டா என்ன தப்பு?

முதல்ல ஃபிரேம்வொர்க்கை மறந்துடுங்க. சாதாரண ஜாவா. அவுட்பாஸ்சர்வீஸ் என்று ஒரு கிளாஸ் எழுதுறோம். அதுக்கு வேலை செய்ய மூணு பொருள் வேணும்: அவுட்பாஸைச் சேமிச்சு வைக்க ஒரு ஸ்டோர், மெசேஜ் அனுப்ப ஒரு சென்டர், மணி பார்க்க ஒரு கடிகாரம். இந்த மூணும்தான் அந்தக் கிளாஸோட டிபென்டன்சி. தமிழில் சொன்னா, அது சார்ந்திருக்கும் பொருட்கள்.

நாம பழகின வழி என்ன? சர்வீஸ் கிளாஸுக்குள்ளேயே நியூ போட்டு ஸ்டோரை உருவாக்குவோம், நியூ போட்டு எஸ்எம்எஸ் சென்டரை உருவாக்குவோம், மணி வேணும்னா லோக்கல்டைம்.நவ் என்று கூப்பிடுவோம். ஓடும். டெமோவும் காட்டிடலாம். ஆனா இதுல நாலு சிக்கல் ஒளிஞ்சிருக்கு.

முதல் சிக்கல், இந்த சர்வீஸை டெஸ்ட் பண்ணணும்னா நிஜ எஸ்எம்எஸ் அனுப்பியே ஆகணும். உள்ளே இருக்கிற சென்டரை வெளியிலிருந்து மாத்த வழியே இல்லை. ஒவ்வொரு டெஸ்டுக்கும் காசும் போகும், யாரோ ஒரு பெற்றோருக்குப் பதற்றமும் வரும்.

ரெண்டாவது, 8 மணி விதி சரியா வேலை செய்யுதான்னு பார்க்கணும்னா 8 மணி வரைக்கும் காத்திருக்கணும். இல்லைன்னா லேப்டாப் கடிகாரத்தை மாத்தணும். ரெண்டும் கேலிக்கூத்து.

மூணாவது, நாளைக்கு எஸ்எம்எஸ் வேண்டாம், வாட்ஸ்அப் போதும்னு நிர்வாகம் சொன்னா, மெசேஜ் அனுப்புற ஒவ்வொரு கிளாஸையும் திறந்து திருத்தணும்.

நாலாவது கொஞ்சம் நுட்பமானது. அவுட்பாஸ்சர்வீஸை வெளியிலிருந்து பார்க்கிறவங்களுக்கு அதுக்கு என்னென்ன தேவைன்னு தெரியவே தெரியாது. முழு கோடையும் படிச்சாதான் உள்ளே ஒரு எஸ்எம்எஸ் சென்டர் உட்கார்ந்திருக்குன்னு புரியும். உங்க டீம்ல புதுசா சேர்ற ஜூனியர் அப்பாவியா ஒரு மெத்தடைக் கூப்பிடுவார், மெசேஜ் பறந்துடும்.

கல்யாண வீட்டு மளிகை லிஸ்ட்

கல்யாண சமையலுக்கு மாஸ்டரைப் பேசி முடிச்சா அவர் என்ன செய்வார்? முதல்ல ஒரு மளிகை லிஸ்ட் எழுதிக் கொடுப்பார். அரிசி இவ்வளவு, துவரம்பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, வாழை இலை இத்தனை. சாமான் வாங்கி மண்டபத்தில் சேர்க்கிறது கல்யாண வீட்டுக்காரங்க பொறுப்பு. சமைக்கிறது மட்டும் மாஸ்டர் பொறுப்பு. எந்தக் கடையில் வாங்கினாங்க, மொத்த விலையா சில்லறை விலையா, இதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டாம். லிஸ்ட்படி சாமான் வந்தா போதும்.

டிபென்டன்சி இன்ஜெக்ஷன் இதேதான். கிளாஸ் தனக்கு வேண்டியதைத் தானே தேடி உருவாக்காது. ஒரு லிஸ்ட் கொடுக்கும். வேற ஒருத்தர் அதைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார். அந்த லிஸ்ட்தான் கன்ஸ்ட்ரக்டர். "என்னை உருவாக்கணும்னா ஒரு ஸ்டோர், ஒரு மெசேஜ்சென்டர், ஒரு கிளாக் கொடுங்க" என்று கன்ஸ்ட்ரக்டரின் பாராமீட்டர்களே சொல்லிடும். மேலே சொன்ன நாலாவது சிக்கல் அப்பவே தீர்ந்துடுது. லிஸ்ட் கண்ணு முன்னாடி இருக்கு.

இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. முகூர்த்தத்துக்கு முந்தின நாளே லிஸ்ட்டை வச்சுச் சாமானைச் சரிபார்ப்பாங்க. பருப்பு குறையுதுன்னா அப்பவே தெரியும். இலை போட்ட பிறகு தெரிஞ்சா மானம் போயிடும். கன்ஸ்ட்ரக்டர் வழியா டிபென்டன்சி வாங்கினா நமக்கும் அதே நன்மை உண்டு. எது குறைஞ்சாலும் ஆப் ஸ்டார்ட் ஆகும்போதே தெரிஞ்சுடும்.

இந்தப் பெயரைப் பரவலாக்கினவர் மார்ட்டின் ஃபௌலர். 2004 ஜனவரியில் எழுதின ஒரு கட்டுரையில், அதுவரைக்கும் இன்வெர்ஷன் ஆஃப் கண்ட்ரோல் என்று பொத்தாம்பொதுவா சொல்லிட்டிருந்ததைப் பிரிச்சு, இந்தக் குறிப்பிட்ட முறைக்கு டிபென்டன்சி இன்ஜெக்ஷன் என்ற பெயரை வச்சார். ராட் ஜான்சன் 2002-ல் வெளியிட்ட ஒரு ஜே2இஇ புத்தகத்தின் கோடிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்பிரிங். அதோட 1.0 பதிப்பு 2004 மார்ச்சில் வந்தது. நீங்க பிறக்கிற சமயத்திலேயே இந்தப் பேச்சு ஆரம்பிச்சாச்சு.

அப்போ ஸ்பிரிங் எதுக்கு?

உண்மையைச் சொன்னா டிபென்டன்சி இன்ஜெக்ஷனுக்கு ஃபிரேம்வொர்க்கே தேவையில்லை. மெயின் மெத்தடில் முதல்ல ஸ்டோரை உருவாக்குங்க, அடுத்து சென்டரை, அடுத்து கிளாக்கை. இந்த மூணையும் அவுட்பாஸ்சர்வீஸோட கன்ஸ்ட்ரக்டருக்குள்ள கொடுங்க. அந்த சர்வீஸை கன்ட்ரோலருக்குக் கொடுங்க. முடிஞ்சது. இதுவும் முழுமையான டிபென்டன்சி இன்ஜெக்ஷன்தான்.

நாலு கிளாஸ் இருக்கும்வரை இது சுலபம். அறுபது கிளாஸ் வந்துட்டா எதை முதல்ல உருவாக்கணும், எதை யாருக்குக் கொடுக்கணும்னு கையால எழுதி மாளாது. அந்த வேலையைத்தான் ஸ்பிரிங்கின் கன்டெய்னர் செய்யுது. அதுக்கு அப்ளிகேஷன்கான்டெக்ஸ்ட் என்று பெயர். அது உருவாக்கிப் பராமரிக்கிற ஆப்ஜெக்டுக்கு பீன் என்று பெயர். நம்ம உவமையில் கன்டெய்னர்தான் கல்யாண வீடு.

ஆப் ஸ்டார்ட் ஆகும்போது கன்டெய்னர் செய்யும் வேலை இதுதான். முதல்ல உங்க பேக்கேஜ்களைத் துழாவி எந்தெந்தக் கிளாஸ் பீன் ஆகணும்னு ஒரு பட்டியல் எடுக்கும். பிறகு ஒவ்வொண்ணோட கன்ஸ்ட்ரக்டரையும் பார்க்கும். எதுக்கு எது தேவையோ அதை முதல்ல உருவாக்கும். பிறகுதான் இதை உருவாக்கும். மேஜிக் ஒண்ணும் இல்லை, நீங்க மெயினில் கையால எழுதியிருக்க வேண்டிய அதே வரிசைதான்.

படிப்படியா அமைப்போம்

படி 1. ஸ்பிரிங் இனிஷியலைசர் தளத்துக்குப் போய் ஒரு ப்ராஜெக்ட் உருவாக்குங்க. டிபென்டன்சி பட்டியலில் ஸ்பிரிங் வெப் மட்டும் போதும். ஸ்பிரிங் பூட் 3-லிருந்து குறைஞ்சது ஜாவா 17 வேணும், லேப் சிஸ்டத்தில் பழைய ஜாவா 8 இருந்தா ஓடாது. டிபென்டன்சி இன்ஜெக்ஷனுக்குன்னு தனியா எதையும் சேர்க்க வேண்டாம், அது ஸ்பிரிங்கோட அடிப்படையிலேயே இருக்கு.

படி 2. மெசேஜ்சென்டர் என்று ஒரு இன்டர்ஃபேஸ் எழுதுங்க. அதுல ஒரே ஒரு மெத்தட்: போன் நம்பரும் செய்தியும் வாங்கிக்கிட்டு அனுப்புற மெத்தட். மாஸ்டர் லிஸ்ட்டில் "எண்ணெய்" என்று இருக்கே தவிர எந்தக் கடைன்னு இல்லையே, இன்டர்ஃபேஸும் அந்த மாதிரிதான். அதே போல அவுட்பாஸ்ஸ்டோர் என்று இன்னொரு இன்டர்ஃபேஸ்: சேமிக்க ஒரு மெத்தட், தேட ஒரு மெத்தட்.

படி 3. மெசேஜ்சென்டருக்கு ரெண்டு கிளாஸ் எழுதுங்க. ஒண்ணு எஸ்எம்எஸ்சென்டர், நிஜமா அனுப்பும். இன்னொண்ணு கன்சோல்சென்டர், அனுப்பாம டெர்மினலில் ப்ரின்ட் மட்டும் பண்ணும். ரெண்டுக்கும் மேலே @காம்பொனென்ட் போடுங்க. அவுட்பாஸ்ஸ்டோருக்கு இப்போதைக்கு ஒரு கன்கரன்ட்ஹாஷ்மேப் வச்சு ஒரு கிளாஸ் எழுதி @ரெபாசிடரி போடுங்க. பின்னாடி மைஎஸ்கியூஎல் சேர்க்கும்போது இந்தக் கிளாஸை மட்டும் மாத்தினா போதும்.

எஸ்எம்எஸ் நிறுவனம் கொடுக்கிற ஏபிஐ கீயும் ஒரு டிபென்டன்சிதான். அதையும் கோடுக்குள்ள எழுதாதீங்க. என்விரான்மென்ட் வேரியபிளில் வச்சுட்டு, எஸ்எம்எஸ்சென்டரோட கன்ஸ்ட்ரக்டரில் @வேல்யூ மூலமா வாங்குங்க. கோடிலேயே எழுதி கிட்ஹப்பில் பப்ளிக்கா போட்டுட்டா, உங்க கீயில் வேற யாரோ மெசேஜ் அனுப்பிட்டிருப்பாங்க.

படி 4. அவுட்பாஸ்சர்வீஸ் கிளாஸுக்கு மேலே @சர்வீஸ். உள்ளே மூணு ஃபீல்டு, மூணும் பிரைவேட் ஃபைனல். ஒரே ஒரு கன்ஸ்ட்ரக்டர், அது மூணையும் பாராமீட்டரா வாங்கி ஃபீல்டில் வைக்கும். கவனிங்க, இங்கே @ஆட்டோவயர்டு எங்கேயும் இல்லை. ஒரு கிளாஸுக்கு ஒரே கன்ஸ்ட்ரக்டர் இருந்தா அது இல்லாமலேயே ஸ்பிரிங் புரிஞ்சுக்கும். 2016-ல் வந்த ஸ்பிரிங் 4.3-லிருந்தே இந்த வசதி இருக்கு.

படி 5. கன்ட்ரோலர் கிளாஸுக்கு மேலே @ரெஸ்ட்கன்ட்ரோலர். அதோட கன்ஸ்ட்ரக்டர் அவுட்பாஸ்சர்வீஸை வாங்கும். நியூ என்ற சொல் இங்கேயும் வராது.

படி 6. கிளாக் மிச்சம் இருக்கு. அது ஜாவாவோட சொந்தக் கிளாஸ், அதுமேல போய் நாம @காம்பொனென்ட் ஒட்ட முடியாது. இந்த மாதிரி நேரத்துக்குத்தான் @கான்ஃபிகரேஷன் கிளாஸ். அதுக்குள்ள ஒரு மெத்தட் எழுதி மேலே @பீன் போடுங்க. அந்த மெத்தட் ஆசியா/கொல்கத்தா டைம்ஸோனில் ஒரு சிஸ்டம் கிளாக்கைத் திருப்பிக் கொடுக்கட்டும். சர்வீஸுக்குள்ள மணி பார்க்கும்போது லோக்கல்டைம்.நவ்வுக்குள்ள இந்தக் கிளாக்கைக் கொடுங்க.

டைம்ஸோனை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் ஓடும். நம்ம ஊர் இரவு 8 மணி அங்கே மதியம் 2.30. டைம்ஸோன் சொல்லாம விட்டா உங்க 8 மணி விதி நம்ம ஊர் நேரப்படி நள்ளிரவு 1.30-க்குத்தான் விழிச்சுக்கும். லேப்டாப்பில் எல்லாம் சரியா இருக்கும், டிப்ளாய் பண்ணின பிறகுதான் ராத்திரி 11 மணிக்கும் அவுட்பாஸ் வாங்க முடியுதுன்னு தெரியும்.

ரன் பண்ணினா எரர் வரும், வரட்டும்

இப்போ ரன் பண்ணுங்க. ஆப் ஸ்டார்ட் ஆகாது. அவுட்பாஸ்சர்வீஸுக்கு ஒரு மெசேஜ்சென்டர் வேணும், ஆனா ரெண்டு இருக்கு, எதைக் கொடுக்கட்டும்னு ஸ்பிரிங் கேட்கும். பயப்படாதீங்க. முந்தின நாள் சாயங்காலச் சரிபார்ப்பு நடக்குது, அவ்வளவுதான்.

இதுக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணில் @ப்ரைமரி போட்டு "சொல்லலைன்னா இதைக் கொடு"ன்னு சொல்லலாம். கன்ஸ்ட்ரக்டர் பாராமீட்டருக்கு முன்னால @குவாலிஃபையர் போட்டு இன்னதுதான் வேணும்னு பேர் சொல்லிக் கேட்கலாம். நம்ம ஆப்புக்குப் பொருத்தமானது மூணாவது வழி: @ப்ரொஃபைல்.

எஸ்எம்எஸ்சென்டருக்கு மேலே ப்ராட் என்ற ப்ரொஃபைல். கன்சோல்சென்டருக்கு மேலே "ப்ராட் அல்லாதது", அதாவது பெயருக்கு முன்னால ஒரு ஆச்சரியக்குறி. சர்வரில் மட்டும் ஸ்பிரிங்.ப்ரொஃபைல்ஸ்.ஆக்டிவ் என்ற செட்டிங்கில் ப்ராட் என்று கொடுங்க. இப்போ உங்க லேப்டாப், உங்க டீம்மேட் லேப்டாப், லேப் சிஸ்டம், எங்கே ஓட்டினாலும் கன்சோல்சென்டர்தான் வரும்.

இதை ஏன் இப்படித் திருப்பி அமைக்கணும்? "டெவ் ப்ரொஃபைல் போட்டா மட்டும் அனுப்பாதே"ன்னு அமைச்சா, ஒருத்தர் டெவ் போட மறந்த அன்னைக்கு எஸ்எம்எஸ் போயிடும். "ப்ராட் போட்டா மட்டும் அனுப்பு"ன்னு அமைச்சா, மறந்தா மெசேஜ் போகாது, டெர்மினலில் ப்ரின்ட் ஆகும், அவ்வளவுதான். மறதி எப்படியும் வரும். அது எந்தப் பக்கம் விழுதுங்கிறதை நாமதான் முடிவு பண்ணணும். முதல் விபத்து இதோட தீர்ந்தது.

இன்னொரு எரரும் அடிக்கடி வரும்: இப்படி ஒரு பீனே இல்லைன்னு சொல்லும். ரெண்டு காரணத்தைப் பாருங்க. @காம்பொனென்ட் போட மறந்திருப்பீங்க. இல்லைன்னா அந்தக் கிளாஸ், @ஸ்பிரிங்பூட்அப்ளிகேஷன் இருக்கிற மெயின் கிளாஸோட பேக்கேஜுக்கு வெளியே இருக்கும். ஸ்பிரிங் அந்தப் பேக்கேஜையும் அதுக்குக் கீழே இருக்கிறதையும் மட்டும்தான் துழாவும். பக்கத்து பேக்கேஜை எட்டிப் பார்க்காது.

ஃபீல்டில் ஆட்டோவயர்டு போட்டா என்ன?

யூடியூப் டுடோரியல்களில் பாதி, ஃபீல்டுக்கு மேலேயே @ஆட்டோவயர்டு போட்டு முடிச்சுடும். எழுதச் சுருக்கம்தான். ஆனா அந்த ஃபீல்டை ஃபைனலா வைக்க முடியாது. ஸ்பிரிங் இல்லாம அந்த ஆப்ஜெக்டை உருவாக்கினா உள்ளே எல்லாம் நல்லா இருக்கும், அதாவது நிஜமாவே 'நல்'. அதனால டெஸ்ட் எழுதறதும் கஷ்டம்.

முக்கியமான நஷ்டம் வேற. ஃபீல்டில் போடும்போது ஒன்பதாவது டிபென்டன்சி சேர்க்கிறது ஒண்ணுமே இல்லை, இன்னும் ரெண்டு வரி. கன்ஸ்ட்ரக்டரில் ஒன்பது பாராமீட்டர் வந்தா கண்ணே உறுத்தும். அந்த உறுத்தல் நல்லது. இந்தக் கிளாஸ் அளவுக்கு மீறி வேலை பார்க்குது, ரெண்டாப் பிரிங்கன்னு அது சொல்லுது.

இன்னொரு சூழ்நிலை: அவுட்பாஸ்சர்வீஸுக்கு ஸ்டூடன்ட்சர்வீஸ் வேணும், ஸ்டூடன்ட்சர்வீஸுக்கு அவுட்பாஸ்சர்வீஸ் வேணும். எதை முதல்ல உருவாக்குறது? கன்ஸ்ட்ரக்டர் வழியா இது நடக்கவே முடியாது. ஃபீல்டு வழியா முன்னெல்லாம் ஸ்பிரிங் எப்படியோ ஒட்டுப்போட்டுக் கொடுத்துட்டிருந்தது. 2021 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 2.6-லிருந்து அதையும் இயல்பா அனுமதிக்கிறதில்லை. திரும்ப அனுமதிக்க ஒரு செட்டிங் இருக்கு, இன்டர்நெட்டில் தேடினா முதல் பதிலா அதுதான் கிடைக்கும். அதைப் போடாதீங்க. ரெண்டுக்கும் பொதுவான வேலையைப் பிரிச்சு மூணாவது கிளாஸா எழுதுங்க. பெரும்பாலும் அதுதான் சரியான வடிவமாவும் இருக்கும்.

ஒரே ஆப்ஜெக்ட், ஆயிரம் ரிக்வெஸ்ட்

இப்போ ரெண்டாவது விபத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க.

ஸ்பிரிங்கில் ஒரு பீனோட ஸ்கோப்பை நீங்க சொல்லலைன்னா அது சிங்கிள்டன். அதாவது அந்தக் கன்டெய்னருக்கு அவுட்பாஸ்சர்வீஸ் ஆப்ஜெக்ட் ஒண்ணே ஒண்ணுதான். ரிக்வெஸ்ட்டுக்கு ஒண்ணுன்னு புதுசா உருவாகாது. அதே நேரம், ஸ்பிரிங் பூட்டுக்குள்ள இருக்கிற டாம்கேட் பல ரிக்வெஸ்ட்டுகளைத் தனித்தனி த்ரெட்டில் ஒரே சமயத்தில் ஓட்டும். இயல்பான உச்ச வரம்பு 200 த்ரெட். அத்தனை த்ரெட்டும் அந்த ஒரே ஆப்ஜெக்டைத்தான் பயன்படுத்தும்.

இப்போ ஒருத்தர் வசதிக்காக சர்வீஸில் நாலாவதா ஒரு ஃபீல்டு வைக்கிறார்: கரன்ட்அவுட்பாஸ். அப்ரூவ் மெத்தடில் முதல் வரி, ஸ்டோரிலிருந்து அவுட்பாஸை எடுத்து அந்த ஃபீல்டில் வைக்குது. அடுத்து ஸ்டேட்டஸை மாத்திச் சேமிக்குது. கடைசியா அந்த ஃபீல்டில் இருக்கிற பெற்றோர் நம்பருக்கு மெசேஜ் அனுப்புது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். வார்டன் ஒரு மாணவிக்கு அப்ரூவ் அழுத்துறார். அவரோட த்ரெட் முதல் வரியை முடிச்சுச் சேமிச்சுக்கிட்டு இருக்கு. அதே நொடியில் டெபுட்டி வார்டன் வேறொரு மாணவிக்கு அப்ரூவ் அழுத்துறார். ரெண்டாவது த்ரெட் அதே ஃபீல்டில் ரெண்டாவது மாணவியின் அவுட்பாஸை எழுதிடுது. முதல் த்ரெட் மெசேஜ் அனுப்ப வரும்போது ஃபீல்டில் இருக்கிறது ரெண்டாவது மாணவி. அவங்க வீட்டுக்கு ரெண்டு மெசேஜ் போகும். முதல் மாணவியோட வீட்டுக்கு ஒண்ணுமே போகாது. மகள் ஹாஸ்டலில்தான் இருக்கான்னு அவங்க நிம்மதியா இருப்பாங்க. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?

உங்க லேப்டாப்பில் இது வரவே வராது, ஏன்னா அங்கே நீங்க ஒருத்தர்தான் யூசர். டெமோவிலும் வராது. கூட்டம் வரும்போதுதான் வரும், அதுவும் எப்பவாவதுதான் வரும். லாக்கைப் பார்த்தாலும் எரர் இருக்காது.

தீர்வு ரொம்ப எளிது. ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு மட்டும் சொந்தமான எதையும் பீனோட ஃபீல்டில் வைக்காதீங்க. மெத்தடுக்குள்ள லோக்கல் வேரியபிளா வைங்க, இல்லைன்னா பாராமீட்டரா அனுப்புங்க. லோக்கல் வேரியபிள் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி. ஃபீல்டில் இருக்க வேண்டியது டிபென்டன்சிகள் மட்டும், அதுவும் ஃபைனலா. படி 4-ல் ஃபைனல் போடச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். எல்லா ஃபீல்டும் ஃபைனலா இருக்கிற கிளாஸில் ஃபைனல் இல்லாத ஒண்ணு சேர்ந்தா, ரிவ்யூவில் பளிச்சுன்னு கண்ணில் படும்.

அப்போ ஸ்டோருக்குள்ள மேப் வச்சிருக்கோமே, அதுவும் ஃபீல்டுதானேன்னு கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த மேப் எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்னே வச்சது, கேட்டில் இருக்கிற ரிஜிஸ்டர் மாதிரி. அதனாலதான் சாதாரண ஹாஷ்மேப் போடாம, பல த்ரெட் ஒரே சமயத்தில் தொட்டாலும் தாங்குற கன்கரன்ட்ஹாஷ்மேப் போட்டோம்.

வேற ஸ்கோப்புகளும் இருக்கு. ப்ரோட்டோடைப் என்றால் கேட்கும்போதெல்லாம் புது ஆப்ஜெக்ட். ரிக்வெஸ்ட் ஸ்கோப் என்றால் ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒண்ணு. செஷன் ஸ்கோப் என்றால் ஒரு லாகின் செஷனுக்கு ஒண்ணு. இதுல ஒரு பொறி இருக்கு. ப்ரோட்டோடைப் பீனை ஒரு சிங்கிள்டனுக்குள்ள இன்ஜெக்ட் பண்ணினா, அந்த சிங்கிள்டன் உருவாகும்போது ஒரே ஒரு தடவைதான் உள்ளே போகும். அதுக்கப்புறம் கடைசிவரை அதே பழைய ஆப்ஜெக்ட்தான். ஒவ்வொரு தடவையும் புதுசு வேணும்னா ஆப்ஜெக்ட்ப்ரொவைடரை இன்ஜெக்ட் பண்ணி அதுகிட்ட கேட்டு வாங்கணும்.

இப்போ டெஸ்ட் எழுதிப் பாருங்க

இவ்வளவு அமைச்சதோட பலன் இங்கேதான் தெரியும். ஒரு சாதாரண ஜேயூனிட் டெஸ்ட் எழுதுங்க. ஸ்பிரிங் வேண்டாம். ஃபேக்சென்டர் என்று ஒரு கிளாஸ், மெசேஜ்சென்டரை இம்ப்ளிமென்ட் பண்ணும், அனுப்பச் சொன்னதையெல்லாம் ஒரு லிஸ்ட்டில் சேர்த்து வைக்கும். கிளாக்.ஃபிக்ஸ்டு மூலமா இரவு 8.01-லேயே நின்னுபோன ஒரு கடிகாரம். பிறகு நீங்களே நியூ போட்டு அவுட்பாஸ்சர்வீஸை உருவாக்கி, இந்த மூணையும் கையால கொடுங்க.

முதல் டெஸ்ட்: 8.01-க்கு விண்ணப்பிச்சா மறுக்கணும், ஸ்டோரில் ஒண்ணும் சேரக் கூடாது. ரெண்டாவது: கடிகாரத்தை 7.59-ல் நிறுத்தினா விண்ணப்பம் சேமிக்கப்படணும். மூணாவது: அப்ரூவ் பண்ணினா ஃபேக்சென்டர் லிஸ்ட்டில் சரியா ஒரே ஒரு மெசேஜ் இருக்கணும், அது அந்த மாணவியோட பெற்றோர் நம்பருக்கா இருக்கணும். 8 மணி வரை காத்திருக்க வேண்டாம், ஒரு ரூபாய் செலவில்லை, யார் போனும் அடிக்காது. கன்டெய்னர் ஏற வேண்டியதில்லை என்பதால் கண்ணிமைக்கிற நேரத்தில் முடிஞ்சுடும்.

எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து ஸ்டார்ட் ஆகுதான்னு பார்க்க @ஸ்பிரிங்பூட்டெஸ்ட் போட்டு ஒண்ணு ரெண்டு டெஸ்ட் வைங்க. எல்லாத்துக்கும் அதைப் போட்டா ஒவ்வொரு தடவையும் காத்திருந்து சலிச்சுப்போய் டெஸ்ட் எழுதறதையே விட்டுடுவீங்க.

எல்லாத்துக்கும் வேண்டாம்

கத்துக்கிட்ட வேகத்தில் எல்லாக் கிளாஸுக்கும் ஒரு இன்டர்ஃபேஸ், எல்லாத்துக்கும் ஒரு பீன்னு போயிடாதீங்க. அவுட்பாஸ் ஆப்ஜெக்டே வெறும் தகவல்தான்: பெயர், ரூம் நம்பர், போகும் இடம், திரும்பும் நேரம். அதை தாராளமா நியூ போட்டு உருவாக்கலாம். வெளியுலகத்தைத் தொடுறதை, அதாவது டேட்டாபேஸ், நெட்வொர்க், எஸ்எம்எஸ், ஃபைல், கடிகாரம், இதையெல்லாம் இன்ஜெக்ட் பண்ணுங்க. வெறும் தகவலை நியூ போடுங்க. பெரும்பாலான இடத்துக்கு இந்த ஒரு விதி போதும்.

ஸ்பிரிங் இல்லாதவங்களுக்கும் இது பொருந்தும். ஏஎஸ்பி.நெட் கோரில் கன்டெய்னர் கூடவே வருது, அங்கே சிங்கிள்டன், ஸ்கோப்டு, டிரான்சியன்ட் என்று மூணு ஆயுள். ஸ்கோப்டு என்றால் வெப் ஆப்பில் ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒண்ணு. ஆங்குலர், நெஸ்ட்ஜேஎஸ் ரெண்டிலும் கன்ஸ்ட்ரக்டர் வழியாவே வாங்கலாம். பைத்தானில் ஃபாஸ்ட்ஏபிஐ பயன்படுத்துறவங்களுக்கு டிபென்ட்ஸ் இருக்கு. எக்ஸ்பிரஸில் அப்படி எதுவும் கூட வராது, நீங்களே ஃபங்ஷனுக்குப் பாராமீட்டரா கொடுத்துக்கணும். எதுவா இருந்தாலும் மூணு கேள்வி கேளுங்க: இந்தக் கிளாஸுக்கு என்ன வேணும்? அதை யார் கொடுப்பாங்க? கொடுத்தது எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும்?

இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. உங்க ப்ராஜெக்ட்டைத் திறந்து சர்வீஸ், கன்ட்ரோலர் கிளாஸ்களில் மட்டும் நியூ என்று தேடுங்க. வர்ற ஒவ்வொண்ணும் தகவலா, வெளியுலகமான்னு பாருங்க. அடுத்து அதே கிளாஸ்களில் ஃபைனல் இல்லாத ஃபீல்டுகளைத் தேடுங்க. ஒவ்வொண்ணையும் பார்த்து, ரெண்டு பேர் ஒரே சமயத்தில் வந்தா இதுல என்ன இருக்கும்னு யோசிங்க. அரை மணி நேரம் ஆகும். ரிவ்யூவுக்கு முன்னாடி முடிச்சுடலாம்.